வேட்டி அடைத்த வென்டிலேட்டர்: கேஸ் கீசர் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

மார்கழி விடியலில் கும்பகோணம் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், பாதி வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டரில் பழைய வேட்டி அடைத்திருக்கும். வாடைக்காற்று உள்ளே வரக்கூடாதாம். கரண்ட் கீசர் என்றால் போகட்டும். கேஸ் கீசர் மாட்டிய வீட்டில் அந்த வேட்டிதான் முதல் தவறு.

கீசர் மாட்டக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் புகை எப்படி வெளியே போகும் என்று கேட்பார்கள். எரியக் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்பவர் அபூர்வம். கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ கேஸ் தின்னும். அந்த 1 கிலோ எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயர பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே 8 கிலோதான். வீட்டில் நாலு பேர் வரிசையாக, மொத்தம் அரை மணி குளித்தால் கணக்குப்படி அத்தனையும் காலி. அதற்கு வெகு முன்பே ஆக்ஸிஜன் குறைந்து, நீலச் சுவாலை மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கிளம்பிவிடும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். நாமோ பித்தம் என்று இஞ்சி தட்டிக் கொடுப்போம்.

என்னைக் கேட்டால், கீசரைக் கொல்லைப்புறத்தில் ஒரு சாய்ப்புக்குக் கீழே மாட்டிவிட்டு, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதுதான் உத்தமம். புகைக்குழாயே இல்லாத மாடலுக்கு இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். உள்ளேதான் வைப்பேன் என்றால் புகைக்குழாயோடு சுவரில் இரண்டு திறப்பும் வேண்டும், மேலே ஒன்று, தரையை ஒட்டி ஒன்று. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தங்கும். சிலிண்டர் பாத்ரூமுக்குள் வரவே கூடாது.

போன வருஷம் ஒரு வீட்டில் பையன் போனில் வீடியோ காட்டினான். அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு, காற்று வர ஒன்று, புகை போக ஒன்று என்று இரண்டு பிவிசி குழாய். “அங்கேயே பிவிசி போடுறாங்க, நீங்க ஏன்ண்ணே தகரக் குழாய்க்குக் காசு கேக்குறீங்க?” நியாயமான கேள்விதான். அந்த வகை ஃபர்னஸ் புகையில் இருக்கும் சூட்டையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. வெளியே வரும்போது புகை ஆறிப்போயிருக்கும். நம் கீசரின் புகை அப்படி இல்லை, 100 டிகிரியைத் தாண்டிய சூடு. பிவிசி 80 டிகிரியிலேயே இளகிவிடும். அலுமினியமோ ஸ்டீலோதான் போட வேண்டும். கீசர் வாய் என்ன அளவோ அதே அளவு. ரெடியூசர் போட்டுக் குறுக்கினால் புகை திரும்பும்.

புகையைத் தள்ள உள்ளே ஃபேன் இல்லாத மாடலில் குழாய் வெளியே போகப் போக ஏறிக்கொண்டே போக வேண்டும், மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது. எல்போ, அதாவது குழாயில் வளைவு, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஃபேன் வைத்ததற்குக் கூட வரும் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

பழைய சுற்றுக்கட்டு வீடுகளில் இன்னொரு வினை, குழாயை முற்றத்தில் விடுவது. மேலே வானம் தெரிகிறதே என்பார்கள். நாலு பக்கமும் தாழ்வாரம், அதை ஒட்டிப் படுக்கையறை. அங்கே விட்ட புகை வீட்டுக்குள்தான் சுற்றும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரேயும் வேண்டாம். வாய் வடக்கே பார்த்தால் மார்கழி வாடை புகையை உள்ளே தள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் சாதாரணத் தகரம் சீக்கிரம் ஓட்டை விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டால், அது இழுக்கும் காற்றுக்கு ஈடாகப் புகைக்குழாய் வழியாகவே காற்று உள்ளே இறங்கும், புகையோடு சேர்ந்து.

அதனால் மாட்டி முடித்ததும் இப்படித்தான் பார்ப்பேன். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கீசரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, கீசரின் தலைப்பக்கத் திறப்பருகே ஊதுபத்தியைப் பிடிப்பேன். புகை உள்ளே இழுபட வேண்டும். என் அத்தை வீட்டில் இரண்டு வருஷம் நன்றாக ஓடிய கீசரையும் ஒரு நாள் இப்படிப் பார்த்தேன். ஊதுபத்திப் புகை நேராக என் முகத்துக்கு வந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். குழாய் வாயில் மாட்டிய வலை துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. உள்ளே கைப்பிடி அளவு மண், குளவிக்கூடு.

“அதான் பத்து நாளா எனக்குத் தலைவலியாடா?” என்றாள் அத்தை, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே.