உறைந்த ஏரியில் இரவு தங்குபவர்கள் செய்யும் தவறுகள்

டொராண்டோவிலிருந்து சிம்கோ ஏரிக்குப் போய்ப் பகலில் பனிக்கட்டியின் மேல் பெர்ச் மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு, அப்புறம் ஓர் இரவு அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிப் பார்க்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான். பனிக்கட்டியின் கனத்தை அளக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் எல்லாரும் சொல்லித் தருவது. அதை விட்டுவிடுகிறேன்.

காற்றுத் துவாரத்தை அடைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. போன குளிர்காலத்தில் பக்கத்துக் கூடாரத்துத் தம்பி ஒருவர் நள்ளிரவில் தள்ளாடி வெளியே வந்து வாந்தி எடுத்தார். தலை வெடிக்கிறது என்றார். கூட வந்தவரோ எழுப்பியும் எழும்பவில்லை. அவரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 911-ஐ அழைத்தோம். நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தால், மேலே இருந்த இரண்டு துவாரங்களிலும் காலுறையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். கீழே விளிம்பைச் சுற்றிப் பனியை வாரி அடைத்திருந்தார்கள். நடுவில் புரொப்பேன் வாயுவில் எரியும் ஹீட்டர். “குளிர் உள்ளுக்கு வருது அண்ணா, அதான் அடைச்சனாங்கள்” என்றார் தம்பி. கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்கியிருக்கிறார்கள். பெட்டி பிரிக்காமல் காரில் கிடந்தது!

காற்று போதாமல் எரியும் ஹீட்டர் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று வருவதால், பகல் முழுக்க குளிரில் நின்ற களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவோம். ‘என் ஹீட்டரில் சென்சார் இருக்கிறதே’ என்பார்கள். அது ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சார். கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கியும் குளிர் குறையாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. புரொப்பேன் எரிந்தால் நீராவி வரும். ஒரு பவுண்டு சிலிண்டர் தீரும்போது முக்கால் லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். மூடிய கூடாரத்தில் அது கூரையில் உறைந்து, உருகி, ஸ்லீப்பிங் பேக்கில் சொட்டும். ஈரமான பேக்கில் உடம்பு எங்கே சூடேறும்?

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடம் திறந்திருக்கட்டும். தூங்கும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள். அந்தக் குளிரைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் இல்லையென்றால் இரவு தங்காதீர்கள். அலாரத்தைக் கிளம்பும் முன்பே பட்டனை அழுத்திச் சோதித்து, தலைமாட்டில் தொங்கவிடுங்கள்.

மேலே மட்டும் போர்த்துவது

சூட்டை உறிஞ்சுவது கீழே இருக்கும் பனிக்கட்டி. தரையில் ஃபோம் பாய், அதன்மேல் மடக்குக் கட்டில், கட்டிலின் மேலும் ஒரு ஃபோம். கட்டிலுக்கு அடியில் குளிர்காற்று நிற்கும் என்பதால் மேலே உள்ள ஃபோம்தான் முக்கியம்.

பருத்தி உடை

வேண்டாம். கம்பளி.

வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்துவது

ஓடும் வண்டியைத் தாங்கும் பனிக்கட்டி, இரவெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியின் பாரத்தில் மெல்லத் தொய்யும். தள்ளி நிறுத்துங்கள்.

சத்தத்துக்குப் பயப்படுவது

குளிர் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏரி முழங்கும். பனிக்கட்டி சுருங்கி விரியும் சத்தம் அது.

காற்றை மறப்பது

பயப்பட வேண்டியது இதற்கு. சிம்கோ பெரிய ஏரி. பலத்த காற்று அடித்தால் உங்களுக்கும் கரைக்கும் நடுவே வெடிப்பு திறந்துகொள்ளலாம். இரவில் பலத்த காற்று வரும் என்று வானிலை சொன்னால், மீன் எவ்வளவு கடித்தாலும் இருட்டும் முன் கூடாரத்தை மடக்கிக் கரையேறுங்கள்.