வெட்டினாலும் கூடிக்கொள்ளும் ஜெல்: வகுப்பறையில் செய்யும் முறை

ஊசி வழியாகப் புண்ணுக்குள் செலுத்தினால், உள்ளே போனதும் ஒன்றுகூடி, திசு வளர இடம் கொடுக்கும் ஹைட்ரோஜெல்கள் (தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் பாலிமர் வலைகள்) இருக்கின்றன. அவற்றைப் பிளஸ் டூ மாணவர்களுக்கு நடத்தும்போது, நான் முதலில் ஒரு ஜெல்லைக் கையில் கொடுத்து வெட்டி ஒட்டவைக்கச் சொல்வேன். எப்படிக் கூடிக்கொள்கிறது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

ரசாயனக் கடையில் பாலிவினைல் ஆல்கஹால் தூள் கேளுங்கள். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட், அது வேறு. வெண்காரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கையுறை கட்டாயம். இந்த ஜெல்லை வாயிலோ புண்ணிலோ வைக்கவே கூடாது, வெண்காரம் உள்ளே போனால் கெடுதல்.

100 மி.லி. பச்சைத் தண்ணீரில் 4 கிராம் தூளைத் தூவிக் கலக்கிவிட்டு, அப்புறம் அடுப்பில் வையுங்கள். சுடுநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். 90 டிகிரி வரை, கொதிக்கவிடாமல், தெளியும்வரை கிளறி ஆறவிடுங்கள். இன்னொரு 100 மி.லி. தண்ணீரில் 4 கிராம் வெண்காரத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். முதல் கரைசலில் 50 மி.லி. எடுத்து, இரண்டாவதைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறினால், 5 முதல் 10 மி.லி.க்குள் ஜெல் திரண்டுவிடும்.

பாதி ஜெல்லில் உணவு நிறம் சேருங்கள். இரண்டையும் வெட்டி, நிறமுள்ள துண்டையும் நிறமற்ற துண்டையும் வெட்டுமுகம் ஒட்ட வையுங்கள். ஒரு நிமிடம், ஐந்து, பத்து என வெவ்வேறு நேரம் விட்டு இழுத்துப் பார்த்து மாணவர்களே குறிக்கட்டும். மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும். வெண்காரத்திலிருந்து வரும் போரேட் அயனிகள் பாலிவினைல் ஆல்கஹாலின் பாலிமர்ச் சங்கிலிகளைப் பிடிப்பதும் விடுவதும் ஓயாமல் நடக்கிறது. வேகமாக இழுக்கும்போது ஒரு பிடியை விட்டு இன்னொன்றைப் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் அவசரப்படாமல் விளக்குங்கள், பாடத்தின் உயிரே இதுதான். ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்துத் தள்ளியும் காட்டலாம்.

எங்கள் குமரிக் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் குளச்சல் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பி பழக்கம். அந்த இனத்துச் சிப்பிகளின் ஒட்டுநார்ப் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் உண்டு. அதிலுள்ள கேட்டகால் தொகுதிகள் இரும்பு அயனியைப் பற்றிக்கொள்ளும். அமிலச் சூழலில் பிடி தளர்வு, கடல்நீர்போல பி.எச். 8 பக்கம் வந்தால் இரண்டு மூன்று கேட்டகால்கள் ஒரே இரும்பைப் பிடிக்கும். அறுந்தாலும் மீண்டும் பிடிக்கும். இதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் கேட்டகால் சேர்த்த ஜெல்களை உருவாக்கினார்கள். இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானை ஆல்டிஹைடு பாலிமரோடு சேர்ப்பது இன்னொரு வழி; அங்கே ஷிஃப் பேஸ் பிணைப்பு (கைட்டோசானின் அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்து உண்டாவது) அறுந்து மீண்டும் சேரும் வேலையைச் செய்கிறது.

சிப்பியின் பி.எச். கதையை நம் ஜெல்லிலும் காட்டலாம். வினிகர் விட்டுக் கிளறினால் இளகி ஓடும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக ஆசிரியரே விட்டால் திரும்பத் திரளும். முடிந்ததும் ஜெல்லை உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.