பொறிமுறைக் கைமணிக்கூட்டின் நேரத்தைச் சீராக்கும் முறை

உயர்தரப் பொறிமுறைக் கைமணிக்கூடு நாளுக்குச் சில செக்கன் முந்துவதோ பிந்துவதோ பழுதன்று. மணிக்கூடுகளின் துல்லியத்துக்குச் சான்றளிக்கும் சுவிற்சர்லாந்தின் கொஸ்க் (COSC) நிறுவனமே பொறியை 15 நாட்கள், 5 நிலைகளில் சோதித்து, வித்தியாசம் சராசரியாக நாளுக்கு −4 (பிந்துதல்) முதல் +6 (முந்துதல்) செக்கனுக்குள் இருந்தால் சான்றிதழ் வழங்குகிறது. ஆகவே திருத்துவதற்கு முன் அளந்து பாருங்கள்.

முழுமையாகச் சாவி கொடுத்து, கைத்தொலைபேசியின் நேரத்துடன் பொருத்தி, ஒரு வாரம் நாள்தோறும் ஒரே வேளையில் வித்தியாசத்தைக் குறித்து வாருங்கள். இரவில் கழற்றும்போது ஒருநாள் முகப்பு மேல்நோக்கியும் மறுநாள் சாவித்திருகு மேல்நோக்கியும் வைத்து, எந்த நிலையில் பிந்துகிறது என்று கண்டுகொண்டால், பகலில் முந்தியதை இரவிலேயே பெரும்பாலும் ஈடுசெய்துவிடலாம்.

திடீரென நிமிடக்கணக்கில் முந்தினால், முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஒலிபெருக்கியின் அருகே வைத்தாலும் மணிக்கூட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்வில்லான மயிர்ச்சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். காந்தநீக்கி அதை உடனே சரிசெய்யும்.

உள்ளே + − குறிகளுக்கிடையே இருக்கும் சிறு நெம்பை நீங்களே தொட வேண்டாம். மயிரிழையளவு தள்ளினாலே பல செக்கன் மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் நேரமானிக் கருவி (மணிக்கூட்டின் துடிப்பைக் கேட்டு அதன் வேகத்தை அளப்பது) வைத்திருக்கும் திருத்துநரிடம் கொடுத்து, மயிர்ச்சுருளோடு சேர்ந்து ஊசலாடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சையும், அதாவது அது எவ்வளவு தூரம் சுழன்று திரும்புகிறது என்பதையும், கேளுங்கள்; வீச்சு குறைந்திருந்தால் தேவைப்படுவது நெம்பைத் தள்ளுவதல்ல, கழற்றிச் சுத்தம்செய்து எண்ணெயிடுவதே. எங்கள் உப்புக்காற்றுக்கு, மூடியைத் திறந்த கையோடு நீர்காப்பு வளையத்தையும் புதிதாக்குவது அவசியம்.