பேஸ்டலில் பேப்பர் தேய்ந்துவிட்டால் இதையெல்லாம் செய்யாதீர்கள்

சாஃப்ட் பேஸ்டலில், அதாவது பொடியாக உதிர்கிற வண்ணக் குச்சியில், ஒரு முகம் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று கன்னத்தில் மட்டும் நிறம் பிடிக்காமல் வழுக்குகிறது. பெரும்பாலும் கன்னம், மூக்கு நுனி, கண்ணோரம் இங்கேதான் இப்படி ஆகும், ஏனென்றால் மாற்றி மாற்றி அதிகம் போட்டிருப்பது அங்கேதான். அந்த நேரத்தில் கை தானாகவே அழுத்த ஆரம்பிக்கும். முதல் தவறு அதுதான், நான் அதிகப் படங்களை இழந்ததும் அதனால்தான்.

பேஸ்டலில் பசை மிகக் குறைவு, பேப்பரின் சொரசொரப்புதான் பொடியைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சின்னச் சின்னப் பள்ளங்கள் பொடியால் அடைந்துபோயிருக்கலாம், இல்லையென்றால் தேய்த்துத் தேய்த்து மேடுகளே படிந்துபோயிருக்கலாம். மேலே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் வேறு வேறு. அழுத்தினால் அடைப்பு இன்னும் இறுகும், தேய்ந்த இடம் இன்னும் தேயும். அதனால் எதையும் மேலே போடுவதற்கு முன், இருப்பதை எடுங்கள். போர்டை நிமிர்த்தி வையுங்கள், கீழே ஈரத் துணி ஒன்றை விரித்துவிட்டு, கொஞ்சம் விறைப்பான, நன்றாகக் காய்ந்த பன்றிமுடி பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தட்டித் தட்டிப் பெருக்குங்கள். பொடி கீழே விழும். அப்புறம் பிசைகிற ரப்பரை வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இப்போது ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிடித்தால் அது வெறும் அடைப்புதான், வேலை முடிந்தது. பொடியை வாயால் மட்டும் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் ஒரு துளி தெறித்தாலும் கறை நின்றுவிடும், பறக்கிற பொடியும் உங்கள் மூச்சுக்குள்தான் போகும், சில நிறங்களில் காட்மியம் இருக்கிறது.

பள்ளிக்கூட ரப்பரைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் அடிக்கடி பார்க்கிறேன். கேன்சன் மி-தாந்த் என்கிற பேஸ்டல் பேப்பர் சதுர மீட்டருக்கு 160 கிராம்தான், அது இவ்வளவு தாங்காது, நார் பஞ்சு மாதிரி எழும்பிவிடும், அதன் மேல் போடுகிற நிறம் சுற்றியுள்ளதைவிடக் கருப்பாகத் திட்டுத் திட்டாக விழும். எழும்பிவிட்டால் விரலால் தடவாதீர்கள். பொடியை எடுத்துவிட்டு, மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்து, கரண்டியின் முதுகால் லேசாக நீவினால் நார் ஓரளவு படியும்.

ஃபிக்ஸட்டிவ், அதாவது பொடி உதிராமல் பிடித்து வைக்கிற ஸ்ப்ரே, அடித்தால் சொரசொரப்பு திரும்ப வந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கொஞ்சம்தான் வரும், தேய்ந்துபோன பேப்பரை அது மீட்காது, வெளிர் நிறங்களையும் இருட்டடித்துவிடும். பிரெஞ்சு ஓவியர் டெகா அடுக்குக்கு அடுக்கு ஃபிக்ஸட்டிவ் போட்டவர்தான், ஆனால் அது அவர் படத்தைக் கட்டிய முறை, கடைசியில் செய்த ஒட்டுவேலை இல்லை. அடித்தே ஆகவேண்டும் என்றால் ஓரடி தள்ளி நின்று, மெல்லிசாக, நடுவில் காயவிட்டு அடியுங்கள்.

உண்மையிலேயே தேய்ந்துபோன இடத்துக்கு பேஸ்டல் கிரவுண்ட், அதாவது காய்ந்ததும் சொரசொரப்பாகிற பூச்சு, பூசவேண்டும். கலர்ஃபிக்ஸ் பிரைமர், கோல்டன் கம்பெனியின் பேஸ்டல் கிரவுண்ட் மாதிரி. கிடைக்காவிட்டால் பளபளப்பில்லாத அக்ரிலிக் பசையான மேட் மீடியத்தில் கொஞ்சம் தண்ணீரும் நைஸான பியூமிஸ் கல் தூளும் கலந்து நீங்களே செய்யலாம், பல்செட் செய்கிறவர்கள் பாலிஷுக்கு வாங்குகிற அதே தூள்தான். இதிலும் மூன்று இடத்தில் சறுக்குவோம். பொடியைத் துடைக்காமல் பூசினால் சேறாகிவிடும். தண்ணீர் அதிகமானால் மெல்லிய பேப்பர் அலை அலையாக எழும்பும். மோசமானது மூன்றாவது, தேய்ந்த இடத்தில் மட்டும் சின்னச் சதுரமாகப் பூசுவது, எவ்வளவு நிறம் போட்டாலும் அந்தச் சதுரம் எட்டிப் பார்க்கும். கன்னத்தில் பிரச்சினை என்றால் கன்னத்தின் நிழல் முடிகிற இடம் வரை பூசி, விளிம்பை இன்னொரு விளிம்புக்குள் ஒளித்துவிடுங்கள். முதலில் அதே பேப்பரின் துண்டில் பரீட்சை செய்து பாருங்கள்.

சொரசொரப்பு வேண்டும் என்று பேஸ்டல்மேட் என்கிற பூச்சுப் பேப்பர் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் பூச்சே உரிந்து போய்விடும்.

பேப்பர் கிழிந்துவிட்டால் பின்னால் செலோடேப் ஒட்டுவது கூடவே கூடாது. நாளாக ஆக அதன் கோந்து பேப்பருக்குள் இறங்கி மஞ்சள் கறையாக முன்பக்கமே தெரியும், அதை எடுப்பது பெரிய பாடு. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி, பசை கெட்டியாக, ஈரம் குறைவாக இருக்கவேண்டும். அதற்குப் படத்தைக் குப்புறப் போடவேண்டுமே, சிக்கல் அங்கேதான். வழவழப்பான கிளாசின் தாள் மேல் நேராக இறக்கி வையுங்கள், ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாதீர்கள். கொஞ்சம் பொடி போகத்தான் செய்யும். தாத்தா காலத்துப் படமோ இன்னொருவர் கொடுத்து வைத்ததோ என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், பேப்பர் பாதுகாப்பு தெரிந்தவரிடம் படுக்கவைத்தே கொண்டுபோங்கள்.

சரிசெய்த படத்தைச் சாதாரண அக்ரிலிக் ஷீட் போட்டு ஃபிரேம் செய்துவிடாதீர்கள், துடைக்கும்போது உண்டாகிற நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போடச் சொல்லுங்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டால் இடைவெளி விடச் சொல்லுங்கள்.