ஆறு கஜம் சேலையில் பிள்ளைக்கு ஒரு போர்வை

எங்கள் வீட்டில் பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படித் தைக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஊசியைத் தொட முடியாது. எந்த நிமிஷமும் பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடலாம் என்கிற மாதிரி வேலையைத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத் தோதான முதல் வேலை, பழைய சேலையை அடுக்கித் தைக்கும் போர்வை. சட்டை என்றால் கழுத்து, கை என்று ஆயிரம் வளைவு. போர்வையில் எல்லாமே நேர்க்கோடு.

முதலில் சேலை. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட காட்டன் சேலையாக எடுங்கள். சேலத்துக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்கிற பளபளப்பான ரகங்கள் கட்டிக்கொள்ள அழகுதான், போர்வைக்கு ஆகாது. அடுக்கும்போது வழுக்கும், ஜரிகை பிள்ளையின் கன்னத்தைக் கீறும். சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எங்கெங்கே இற்றுப்போயிருக்கிறது என்று தெரியும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பாருங்கள். விட்டுக்கொடுத்தால் அந்தப் பகுதி நடு அடுக்குக்கு, கெட்டியான பகுதி மேலுக்கும் அடிக்கும். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பிள்ளைகள் போர்வை நுனியைச் சப்பாமல் விடமாட்டார்கள். கஞ்சி போடாமல் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு வையுங்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும்.

கிழிப்பது

ஆறு கஜம் சேலை என்கிறோம் இல்லையா, ஒரு கஜம் 36 அங்குலம். ஆக மொத்தம் 216 அங்குலம், மீட்டரில் ஐந்தரை. கஜத்துக்கு ஒன்றாக ஆறு துண்டு வரும்.

முதலில் இரண்டு பக்கக் கரையையும் நீளவாக்கில் கத்தரியால் வெட்டிச் சுருட்டி வையுங்கள். கடைசியில் தேவைப்படும். கரையோடு சேர்த்துக் கிழித்தால் அந்த இடத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும். அப்புறம் 36 அங்குலத்தை அளந்து, விளிம்பில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழியுங்கள். ஊடை நூல் போகிற வழியிலேயே கிழிசலும் போகும். இவ்வளவு நேராக எந்த ஸ்கேலாலும் கோடு போட முடியாது. நான் பிறந்தது சேலம் அம்மாபேட்டையில், தறிக்காரர் வீட்டில். பாவு நீளவாட்டு, ஊடை குறுக்குவாட்டு என்பதெல்லாம் நடக்கப் பழகும்போதே தெரியும். அப்படி இருந்தும் முதல் போர்வைக்குக் கத்தரியால் வெட்டி, ஆறு துண்டும் ஆறு கோணலாகப் போனது.

பெரியவளுக்குக் கிழிக்கும் சத்தம் என்றால் உயிர். ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் விழித்திருக்கும்போது செய்யக்கூடியது இந்த ஒரு வேலைதான். மற்றதெல்லாம் அவர்கள் தூங்கிய பிறகு.

சேலத்து வெயிலுக்கு மூன்று அடுக்கு போதும், ஒரே சேலையில் இரண்டு போர்வை ஆகிவிடும். நாங்கள் இப்போது இருப்பது ஏற்காட்டில், சுமார் 1500 மீட்டர் உயரம். மார்கழிக் குளிருக்கு ஐந்து அடுக்கு வேண்டும். மிஞ்சுகிற ஒரு கஜத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு சிம்மீஸ் வரும்.

அடுக்குவது

தரையைத் துடைத்துவிட்டு அடித்துண்டை விரித்து, ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். தோசைக்கல்லில் மாவை இழுப்பதுபோல, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிச் சுருக்கம் எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மேடு கட்டும்.

துணியைப் பிடித்து நிறுத்தக் குண்டூசி வேண்டவே வேண்டாம் என்பேன். ஊக்கு போதும். இருபது ஊக்கை எண்ணி எடுங்கள், வேலை முடிந்ததும் இருபதையும் எண்ணி டப்பாவில் போடுங்கள். பத்தொன்பது இருந்தால், அந்த ஒன்று கிடைக்கும்வரை பிள்ளையைத் தரையில் விடாதீர்கள்.

இப்போது துணிக்கு ஒட்டாத நிறத்தில் நூல் கோத்துக்கொள்ளுங்கள். நீலச் சேலை என்றால் மஞ்சள் நூல். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தையலாக, நடுவிலிருந்து நாலு பக்கமும் கூட்டல் குறி மாதிரி ஓட்டுங்கள். அப்புறம் நடுவிலிருந்து நாலு மூலைக்கும். அழகு பார்க்காதீர்கள், பிறகு பிரிக்கப்போகும் தையல்தான். ஆனால் பிள்ளைக்காரிக்கு இதுதான் உயிர்நாடி. இதைப் போட்டபின் ஐந்து அடுக்கும் ஒரே துணி. குழந்தை சிணுங்கினால் அப்படியே சுருட்டிப் பரணில் போடலாம். பதினைந்து நாள் கழித்து எடுத்தாலும் ஒரு நூல் நகர்ந்திருக்காது.

தைப்பது

மெஷின் புதிது என்றால் முதலில் நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத்தாளில் ஓட்டிப் பழகுங்கள். ஊசி துளைத்த புள்ளிகள் கோட்டின்மேல் வரிசையாக விழுந்தால் கால் பழகிவிட்டது என்று அர்த்தம். மிதி மெஷினில் சக்கரம் உங்களைப் பார்த்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும்.

ஐந்து அடுக்குக்கு 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். 36 அங்குலப் பக்கத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் இழுத்தால் 11 கோடு. நடுக்கோட்டை முதலில் தைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வெளியே வெளியே போங்கள். ஊசிக்குக் கீழே இருக்கிற இரும்புப் பற்கள் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேலே கால் மாதிரி இருக்கிற தகடு மேல்துணியை அழுத்திப் பிடிக்கும். அதனால்தான் மேல் அடுக்கு பின்தங்கிச் சுருங்குகிறது. துணியை இழுக்காமல், ஊசிக்கு இரண்டு பக்கமும் கையை வைத்து லேசாகப் பரத்தி விட்டால் சரியாகிவிடும். ஒரு தூக்கத்துக்கு ஒரு கோடு என்று வைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

மெஷின் இல்லையா, கையாலேயே ஓட்டலாம். நாள் கூடப் பிடிக்கும், ஆனால் போர்வை இன்னும் மெத்தென்று இருக்கும்.

சத்தம்தான் ஒரு தொல்லை. அம்மாபேட்டையில் தறி அடிக்கிற சத்தத்திலேயே தூங்குகிற பிள்ளை, இங்கே மலையில் மெஷின் லேசாக முனகினால் விழித்துக்கொள்கிறான். மெஷின் காலடியில் பழைய பாயை நாலாக மடித்துப் போட்ட பிறகு பரவாயில்லை.

எழுந்து போகும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள். மோட்டார் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடுப்பில் பால் பொங்குகிறதென்று நான் ஓடிய ஒரு நிமிஷத்தில் சின்னவன் சக்கரத்தைச் சுற்றி ஊசியை முறித்துவிட்டான். நல்லவேளை, கையில் படவில்லை. முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நுனியைக் காணோம். ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பழைய காந்தத்தைத் துணிமேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தியதில், மூன்றாவது அடுக்குக்குள்ளிருந்து குத்திக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அந்தக் காந்தம் மெஷின் டிராயரில்தான்.

ஓரம்

நாலு ஓரத்தையும் நேராகச் சமன் செய்துகொள்ளுங்கள். சுருட்டி வைத்த கரை இப்போது வேண்டும். கரை போகச் சேலையின் அகலம் 40 அங்குலம் என்றால், 36-க்கு 40 போர்வையின் சுற்றளவு 152. ஒரு கரையே 216 இருக்கிறது, தாராளம். கரையின் வெட்டிய பக்கத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, பிறகு முழுக்கரையையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். அந்த மடிப்பின் வாய்க்குள் போர்வை ஓரத்தைச் செருகி, இரண்டு பக்கமும் பிடிக்கிறதா என்று பார்த்துத் தையுங்கள். மூலையில் கடித உறையை மடிப்பதுபோல மடித்து, அந்த இடத்தை மட்டும் கையால் தைத்துவிட்டால் நன்றாக உட்காரும். கடைசியில் மஞ்சள் நூலை உருவிவிடுங்கள். பொத்தான், மணி, கண்ணாடி ஒன்றும் அலங்காரத்துக்கு வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தூங்கும்போது இதைப் போர்த்தாதீர்கள். முகத்தில் விழுந்தால் தள்ளிவிடத் தெரியாது. தரையில் விரித்துத் தவழவிடலாம், கூடவே ஆள் இருக்கும்போது.

முதல்முறை பயன்படுத்தும் முன் துவைத்துவிடுங்கள். சேலத்தில் மொட்டை மாடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே பனிமூட்ட நாளில் ஐந்து அடுக்கு காய இரண்டு நாள் ஆகும், அதனால் நான் எப்போதும் இரண்டு தைத்து வைத்திருக்கிறேன். மூன்று அடுக்குப் போர்வை ஒன்று தனியாகப் பஸ் பையில் கிடக்கிறது. சேலத்துக்கு இறங்குகிற வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு. பெரியவள் பத்தாவதைத் தாண்டமாட்டாள்.