கெட்டிப்பட்ட ஸ்டெயின்லெஸ் கத்தியை இளக்கும்போது

புதிதாகக் கத்தி செய்ய வந்தவர்கள், பழைய கத்தியின் வால் பகுதியில் (கைப்பிடிக்குள் போகும் பகுதி) ஆணித்துளை போட முடியாமல் ட்ரில் பிட்டைப் புகைய விட்டு நிற்பதைப் பார்த்தால் என் பழைய கூத்துதான் ஞாபகம் வருகிறது. கெட்டியான எஃகைத் துளை போடும் அளவுக்கு மென்மையாக்குவதைத்தான் இளக்குவது என்கிறேன். அதில் நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்; பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை.

சிவக்கக் காய்ச்சி ஆறவிடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 440சி என்ற ஸ்டெயின்லெஸ் ரகக் கத்தி ஒன்றின் வாலை டார்ச்சால் செக்கச்செவேலென்று காய்ச்சி, அப்படியே ஆறவிட்டேன். அரம் வைத்தால் கீச்சென்று வழுக்கியது. சரி, சூடு போதவில்லை போல என்று இன்னும் நன்றாகக் காய்ச்சினேன். அரத்தின் பல்தான் தேய்ந்தது. மூன்று பிட் போன பிறகுதான் விஷயம் உறைத்தது: நான் இளக்கவில்லை, மறுபடி மறுபடி கெட்டியாக்கிக்கொண்டிருந்தேன்!

சாதாரணக் கார்பன் ஸ்டீல் கெட்டிப்பட எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்க வேண்டும். 440சியில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம். நன்றாகச் சிவந்துவிட்டால் அதற்குக் காற்றே போதும். கார்பன் ஸ்டீலுக்குச் சொன்ன 'சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதை' வைத்தியத்தையும் இதன் தலையில் கட்டாதீர்கள். முழுதாக இளக்க 845–900 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், மணிக்கு 25 டிகிரிக்கு மேல் இறங்காமல் உலைக்குள்ளேயே ஆறவைக்க வேண்டும். சாம்பல் அவ்வளவு பொறுமையாக இருக்காது.

துளை போடும் அளவுக்கு இளகினால் போதுமென்றால் எளிய வழி உண்டு. 730–760 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்திருங்கள். இந்த எல்லையைத் தாண்டாதவரை காற்றில் ஆறினாலும் கெட்டிப்படாது. டார்ச் மட்டும்தான் கையில் இருக்கிறதா? விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் மட்டும் தெரியும் மங்கல் சிவப்போடு நிறுத்துங்கள். அதையே நாலைந்து முறை செய்யுங்கள். அலகை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் கூர் பக்கமும் இளகிப்போகும்.

304ஐ இளக்கப் பார்ப்பது

304 என்பது பாத்திரம் செய்யும் ஸ்டெயின்லெஸ் ரகம்; அது வெப்பத்தால் கெட்டிப்படுகிற ரகமே இல்லை. பாத்திரம் செய்யட்டும், விடுங்கள்.

துளைக்காமல் தேய்ப்பது

பயந்து பயந்து பிட்டை வைத்தால் உரசலில் அந்த இடமே சூடேறிக் கெட்டிப்படும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுத் துளையுங்கள். இரண்டே துளைதான் வேண்டுமென்றால் கெட்டி எஃகையும் துளைக்கும் கார்பைடு பிட் வாங்கிக்கொள்ளுங்கள், இளக்கவே தேவையில்லை.

முழுக் கத்தியையும் இளக்கிவிட்டு அப்படியே தீட்டுவது

கூர் நிற்காது. மறுபடி 1010–1065 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கெட்டியாக்கி, அப்புறம் டெம்பர் (உடையாமல் இருக்கக் குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சுவது) செய்ய வேண்டும். காற்றுப் படாமல் ஸ்டீல் ஃபாயிலில் சுற்றித்தான் உலைக்குள் வைக்க வேண்டும். சுற்றாமல் வைத்த என் கத்தியின் மேல்தோல் முழுக்கச் செதில் செதிலாக உரிந்து வந்தது.