கெர்னல் லிஸ்ட்டுக்குள்ள எட்டிப்பாக்க ஜிடிபி ஹெல்பர்கள்

முதல் தடவை லினக்ஸ் கெர்னலை (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஜிடிபிங்கிற டீபக்கர்ல நிறுத்தி ப்ராசஸ் லிஸ்ட்டை கையால பாக்கப் போய் பாதி ராத்திரி போச்சு எனக்கு, பிஐடி (ப்ராசஸோட நம்பர்) எல்லாம் கோடிக்கணக்குல வருது, மெமரி கெட்டுப்போச்சுன்னே நினைச்சுட்டேன். தப்பு என்னோடது.

முதல்ல கெர்னல் கான்ஃபிக்ல டீபக் இன்ஃபோவும் ஜிடிபி ஸ்கிரிப்ட்ஸும் ஆன் பண்ணி பில்ட் பண்ணுங்க. இந்த ஸ்கிரிப்ட்ஸ் 2015ல 4.0லயே கெர்னல் சோர்ஸுக்குள்ள வந்தாச்சு, தனியா எதுவும் டவுன்லோட் வேணாம்.

அடுத்து க்யூஎம்யூங்கிற விர்ச்சுவல் மெஷின்ல பூட் பண்ணுங்க, மைனஸ் சின்ன எஸ், மைனஸ் பெரிய எஸ் ரெண்டும் குடுத்தா ஜிடிபி வர்ற வரைக்கும் காத்திருக்கும். பூட் லைன்ல நோகேஏஎஸ்எல்ஆர் போட மறக்காதீங்க, இல்லன்னா ஒவ்வொரு பூட்லயும் கெர்னல் வேற இடத்துல ஏறி, அட்ரஸ் எல்லாம் இடம் மாறி பிரேக்பாயிண்ட் விழவே விழாது.

இன்னொரு டெர்மினல்ல விஎம்லினக்ஸ் ஃபைலோட (பில்ட்ல வந்த, டீபக் இன்ஃபோ இருக்கிற கெர்னல் ஃபைல்) ஜிடிபி திறந்து 'டார்கெட் ரிமோட் :1234'. ஆட்டோ-லோட் டிக்லைன்டுனு திட்டினா, அதுவே சொல்ற சேஃப்-பாத் லைனை ஜிடிபிஇனிட்ல ஒட்டிடுங்க.

இப்ப 'சி' குடுத்து பூட் ஆக விட்டு கன்ட்ரோல்-சி அடிங்க. 'எல்எக்ஸ்-பிஎஸ்' அடிச்சா எல்லா டாஸ்க்கும் அட்ரஸோட வரும். 'பி $எல்எக்ஸ்_கரண்ட்().காம்' அடிச்சா இப்ப ஓடுற டாஸ்க் பேரு. ஸ்வாப்பர்/0னு வந்தா பயப்படாதீங்க, சிபியு சும்மா இருக்கு அவ்ளோதான்.

இப்ப நான் மாட்டின இடம். கெர்னல் ஒவ்வொரு டாஸ்க்கோட விவரத்தையும் ஒரு டாஸ்க்_ஸ்ட்ரக்ட்ல வெச்சிருக்கு, பிஐடி 0 டாஸ்க்கோடதுதான் இனிட்_டாஸ்க். இனிட்_டாஸ்க்.டாஸ்க்ஸ்.நெக்ஸ்ட் அடுத்த டாஸ்க்_ஸ்ட்ரக்டோட ஆரம்பத்தை காட்டாது, அதோட நடுவுல செருகியிருக்கிற லிஸ்ட்_ஹெட்டைத்தான் (நெக்ஸ்ட், ப்ரெவ்னு முன்னாடி பின்னாடி காட்டுற ரெண்டு பாயிண்டர்) காட்டும். நான் அதை அப்படியே காஸ்ட் பண்ணிட்டேன், ரயில்ல நடுப்பெட்டில ஏறிட்டு இதான் இன்ஜின்னு உக்காந்த மாதிரி. எத்தனை பைட் பின்னாடி போகணும்னு கணக்குப் போடத்தான் கன்டெய்னர்_ஆஃப் இருக்கு:

பி $கன்டெய்னர்_ஆஃப்(இனிட்_டாஸ்க்.டாஸ்க்ஸ்.நெக்ஸ்ட், "ஸ்ட்ரக்ட் டாஸ்க்_ஸ்ட்ரக்ட்", "டாஸ்க்ஸ்")->பிஐடி

1னு வரணும், அதான் இனிட், முதல் யூசர் ப்ராசஸ். மூணாவது ஆர்க்யுமென்ட்ல மெம்பர் பேரு தப்பா குடுத்தா எரர் வராமலே குப்பை வரலாம், அதே ஸ்ட்ரக்ட்ல சில்ட்ரன், சிப்ளிங்னு வேற லிஸ்ட்_ஹெட்டும் இருக்கு.

லிஸ்ட்டே உடைஞ்சிருக்கோன்னு டவுட்டா, 'எல்எக்ஸ்-லிஸ்ட்-செக் மாட்யூல்ஸ்' மாதிரி லிஸ்ட் பேரைக் குடுங்க, நெக்ஸ்ட்டும் ப்ரெவ்வும் ஒத்துப்போகாத இடத்தைக் காட்டிடும். எக்ஸ்86 64 பிட்ல நெக்ஸ்ட்டோட ஹெக்ஸ் அட்ரஸ் டெட்னு (டி-இ-ஏ-டி) ஆரம்பிச்சா அந்த நோடை யாரோ ஏற்கனவே லிஸ்ட்_டெல் பண்ணி லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க, அந்த லிஸ்ட்_டெல்லை யாரு கூப்பிட்டதுன்னு தேடுங்க.